கண்ணாடிப் பந்து எரித்த கோடு

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய மாதம் எங்கள் மன்னார் வானிலை நிலையத்தில் தானியங்கிக் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். பழைய சாமான்களை அலுமாரிக்குள் ஒதுக்கும்போது, புதிதாக வேலைக்கு வந்த பெண்பிள்ளை ஒருத்தி அங்கிருந்த கண்ணாடிப் பந்து ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்தாள்.

“மிஸ், இது கடுதாசி பறக்காமல் வைக்கிறதோ?”

“வெயிலில கொண்டுபோய் ஒரு மட்டைக்கு மேல பிடிச்சுப் பார்,” என்றேன்.

அவள் வாசலில் நின்று, மற்றக் கையிலிருந்த கோப்பு மட்டைக்கு மேலே பிடித்தாள். சற்று நேரத்தில் மட்டையில் புகை எழும்பியது. “ஐயோ மிஸ்!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள். அதற்குப் பிறகுதான் இருந்து கதை கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். எங்கள் அப்பா சூசை தோட்டவெளி ஊரிலிருந்து கடற்றொழிலுக்குப் போனவர். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது கொழும்பில் சில மாதப் பயிற்சி தந்தார்கள். விடுதிச் சோறும், ஆங்கிலக் குறியீடுகளும், ஊர் நினைவில் அழுததும்தான் அதில் மிச்சம். தொழிலை நான் பழகியது மன்னாரில், நடராசா சேரின் கண்ணுக்கு முன்னால்.

சேர் பெருநிலத்து வயல் ஊர்க்காரர். மெலிந்த ஆள், வெள்ளைச் சட்டை, காதில் எப்போதும் பென்சில். வெப்பமானிகள் இருந்த வெள்ளை மரப்பெட்டியைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். “முதல் தசமம், பிறகு பாகை” என்பார். பாகையைப் பார்த்துக்கொண்டு நின்றால் எங்கள் உடல் சூட்டிலும் மூச்சிலும் தசமம் ஏறிவிடும். எட்டரை, பதினொன்றரை, இரண்டரை, ஐந்தரை என்று மணிக்கூடு சொன்ன நேரத்தில், மழையோ புழுதியோ, அவர் அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்பார். நான் வாசித்தது சரியென்றால் ஒன்றும் சொல்லமாட்டார். பிழையென்றாலும் சத்தம் போடமாட்டார். “நீர் கண்டதை எழுதும். காணாட்டி, காணேல்ல எண்டு எழுதும். நினைச்சதை எழுதாதையும்.” நான் அவரிடம் கேட்ட மிக நீளமான புத்திமதி அதுதான்.

எனக்கு மிகப் பிடித்த கருவி கண்ணாடிப் பந்து. திறந்த வெளியில் ஒரு தூணின் மேல் இருக்கும். அதன் பின்னால் வளைந்த தாங்கியில் ஒரு நீல மட்டையைச் செருகிவைப்போம். சூரியன் நகர நகர, பந்து வெயிலை ஒரு புள்ளியாகக் குவித்து மட்டையை எரித்துக்கொண்டே போகும். முகில் மறைத்தால் கோடு அறும். பொழுதுபட்ட பிறகு மட்டையை எடுத்து, அன்று எத்தனை மணி நேரம் வெயில் எறித்தது என்று அளந்து எழுதுவோம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்றுக் காலத்தில் பந்தில் உப்புப் படியும். விடியவே மெல்லிய தோலால் துடைப்பது என் வேலை. சூரியன் தன் கையால் எழுதுகிற கடுதாசிக்கு நான் பொறுப்பாளி என்ற நினைப்பு எனக்கு.

எங்கள் அளவுகள் கொழும்புக்குப் போகும். பின்னேரம் வானொலியில் கடற்றொழிலாளருக்கான அறிவித்தலில் மன்னார்க் கரை என்று வரும்போது, அப்பா கிழிந்த வலையைப் பொத்துகிற கையை நிறுத்திவிட்டுப் பக்கத்திலிருப்பவர்களைப் பார்ப்பார். “உது எங்கட பிள்ளை சொல்லிவிட்டது” என்பார். அந்த வயதில் எனக்குத் தலை எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப்பாருங்கள்.

எண்பதாம் ஆண்டு மாசி மாதம் சூரிய கிரகணம் வந்தது. இந்தியாவில் சில இடங்களில் சூரியன் முழுதாக மறையும், எங்களுக்குப் பாதிக்கு மேல் மறையும் என்று முதலே அறிவித்திருந்தார்கள். ஊரில் பயம் பிடித்துவிட்டது. அன்றைக்கு ஒருவரும் கடலுக்குப் போவதில்லை, கதவு யன்னலைச் சாத்திவிட்டு மந்திரித்த மெழுகுதிரி கொளுத்திச் செபமாலை சொல்வது என்று தீர்மானம்.

கந்தோரில் சேர் எனக்கு ஒரு வேலை சொன்னார். “ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவீர்தானே? உங்கட ஆக்களுக்கு ரெண்டு விசயம் சொல்லும். பயப்பட ஒண்டுமில்லை எண்டு சொல்லும். ஆனா நேர பாக்க வேண்டாம் எண்டும் சொல்லும்.”

பூசை முடிந்து கோயில் முற்றத்து வேம்பின் கீழே ஆட்கள் நின்றார்கள். நான் படிக்கட்டில் ஏறி நின்றேன். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் நிலவு வரும், அதன் நிழல் எங்கள்மேல் விழும், நிழல் ஒருவரையும் கடிக்காது, கதவைத் திறந்து வையுங்கள் என்று சொன்னேன். எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள்.

அப்பாவின் கூட்டாளி லூயிஸ் அண்ணைதான் கேட்டார். “அப்ப கந்தோர்ப் பிள்ளை, நீ அந்த நேரம் எங்க ஒளிப்பாய்?”

“நான் ஏன் ஒளிக்கிறன்? நான் பாத்துக்கொண்டுதான் நிப்பன்.”

சிரிப்பும் கைதட்டலும். பின்னால் நின்ற அப்பாவின் முகத்தைக் கண்டேன். சேர் சொன்ன இரண்டாவது விசயம் என் நாக்கு நுனியில் நின்றது. வெளியில் வராதே, பார்க்காதே என்றுதான் ஊரில் பயந்தவர்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அதையே சொன்னால், படித்தவளுக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அந்த வசனத்தை விழுங்கிவிட்டேன்.

கிரகண நாளில் நான் பார்த்துக்கொண்டு நின்றது உண்மை. ஆனால் சூரியனை அல்ல. சேர் ஒரு தடித்த மட்டையில் ஊசியால் துளை போட்டுத் தந்திருந்தார். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, துளை வழியாக வெள்ளைத் தாளில் விழுந்த சின்ன ஒளிவட்டத்தைப் பார்த்தேன். இரண்டரை வாசிப்பு முடிந்த கையோடு அதன் ஓரம் தேயத் தொடங்கியது. பிறகு பிறை. வெயில் இருந்தும் இல்லாதது போல மங்கியது. காகங்கள் குழம்பிக் கத்தின. சேர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, மூச்சைப் பிடித்து, வெப்பம் இறங்குவதை எழுதினார். மத்தியானத்திலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீரும் குடிக்கவில்லை. கிரகணம் விட்டதும் கிணற்றில் தோய்ந்துவிட்டு, ஈரத் தலையோடு ஐந்தரை வாசிப்புக்கு வந்து நின்றார்.

“சேர், நேரத்தைக் கணக்குப் போட்டு வைச்சிருந்ததும் நீங்கள்தான். பிறகு ஏன் இந்த விரதம்?”

“கணக்கு கந்தோருக்கு. விரதம் அம்மாவுக்கு. வீட்டை போனவுடன சாப்பிட்டனியோ எண்டு கேப்பா. அவவுக்குப் பொய் சொல்ல எனக்கு வராது.”

பொழுதுபட்ட பிறகு நீல மட்டையை எடுத்தேன். காலையில் இருந்து சுண்டுவிரல் நுனி அகலத்துக்கு எரிந்து வந்த கோடு, பின்னேரப் பகுதியில் மெலிந்து, மெலிந்து, தலைமயிர் போல ஆகி, திரும்பவும் அகன்றிருந்தது. எங்கும் அறவில்லை. சேர் அதை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

“பாரும். இவ்வளவு மறைஞ்சும் எரிச்சிருக்கு.” பிறகு என்னைப் பார்த்தார். “ஊருக்குச் சொன்னனீர்தானே? நேர பாக்க வேண்டாம் எண்டு?”

“ஓம் சேர்.”

பதில் அவ்வளவு கெதியாக வந்தது. சொல்லிவிட்டு மட்டையைத் திரும்பப் பார்த்தேன். எங்கள் கண்ணுக்குள்ளும் ஒரு சின்னக் கண்ணாடிப் பந்துதானே இருக்கிறது? ஒவ்வொரு நாளும் ஒரு பந்து மட்டையை எரிப்பதைப் பார்க்கிறவள் நான். அது அந்த நிமிடம் வரைக்கும் என் மூளைக்கு எட்டவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

அப்பா முற்றத்தில் சந்தோசமாக இருந்தார்.

“பிள்ளை, நானும் பாத்தனான்! நீ அங்க பாக்கிற நேரம்தான் நானும் இஞ்ச பாத்தனான். கடிச்ச பணியாரம் மாதிரி!”

“எவ்வளவு நேரம் அப்பா?”

“ஒரு சுருட்டுப் பத்தி முடியிற நேரம் வரும். முதல் கூசினது. வெளிச்சம் குறையக் குறையச் சுகமா இருந்துது. கடலில பாக்கிற மாதிரி இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு பாத்தனான்.”

“நோகேல்லயோ?”

“நோக என்ன இருக்கு? நிழல் கடிக்காது எண்டு நீதானே சொன்னனி.”

அடுத்த நாள் அவர் கடலுக்குப் போய்ச் சீக்கிரமே திரும்பினார். எங்கள் மாதா கோயில் கோபுரமும் கரையிலிருந்த ஒற்றைப் பனையும் ஒரு நேருக்கு வரும் இடத்தில்தான் அவர் வலை போடுவார். பொத்தாத வலக்கண்தான் அவருக்கு அந்த நேரைக் காட்டும் கண். அன்றைக்குக் கோபுரத்தைக் காணவில்லை.

“பாத்தா இல்லை பிள்ளை. பக்கத்தில பாத்தா இருக்கு. திரும்பிப் பாத்தா பேந்தும் இல்லை.”

யாழ்ப்பாணம் கொண்டுபோனேன். கண் வைத்தியர் அப்பாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார். “வள்ளத்துக் கயிறு அடிச்சது” என்றார் அப்பா. வைத்தியர் விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “கயிறு இப்பிடி நடுவில வட்டமா எரிக்காது. சூரியனைப் பாத்தவரோ?” நான் தலையாட்டினேன். கண்ணின் பின்சுவரில் நோவை உணரும் நரம்பு இல்லை, அதனால்தான் எரிகிறபோது தெரிவதில்லை என்றார். சிலருக்கு மாதக்கணக்கில் பார்வை கொஞ்சம் திரும்பும், மருந்து கிடையாது.

வாசலில் அப்பா என் கையைப் பிடித்தார். “ஊரில கயிறு எண்டே இருக்கட்டும். நீ வாய் திறக்காதை. இனி நீ ஒண்டைச் சொன்னா சனம் கேக்க வேணும்.”

நான் வாய் திறக்கவில்லை. சேரிடம் மட்டும் சொன்னேன், “ஓம்” என்று பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். “எனக்குச் சொன்னது சரி. ஆனா இதைக் கேக்க வேண்டியது நான் இல்லை, உங்கட ஊர் ஆக்கள்” என்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, “பதினொண்டரை உம்மட வாசிப்பு” என்றார். அந்த வாசிப்பை என்னிடமிருந்து பறிக்காமல் விட்டதற்கு அவரை இன்றைக்கும் நினைக்கிறேன்.

பார்வையில் பாதி திரும்பியது. நடுவிலிருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. கொஞ்ச நாளில் அப்பா இடக்கண்ணால் நேர் பிடிக்கப் பழகிக்கொண்டார். கோபம் ஒன்றும் காட்டவில்லை. அதற்குப் பதிலாகக் கேள்வி கேட்டார்.

“அமாவாசையிலதான் நிலவு நடுவில வரும் எண்டாய். அமாவாசை மாசாமாசம் வருது. கடல் நீரோட்டம் வலிக்கிறதில எனக்குத் தெரியும். அப்ப கிரகணம் ஏன் மாசாமாசம் வாறேல்ல?”

எனக்கு விடை தெரியவில்லை. படிக்கட்டில் ஏறி நின்று ஊருக்கே விளங்கப்படுத்தியவளுக்கு அது தெரியவில்லை! அடுத்த நாள் சேரிடம் கேட்டேன். அவர் பின்பக்கம் போய், உடைந்த பீப்பாயின் இரண்டு இரும்பு வளையங்களை எடுத்து வந்தார். ஒன்றைச் சமமாகப் பிடித்தார். மற்றதை அதனுள் கொஞ்சம் சரித்துப் பிடித்தார்.

“சமமானது சூரியன் போற பாதை எண்டு வையும். சரிஞ்சது நிலவின்ர பாதை. அனேகமான அமாவாசையில நிலவு சூரியனுக்கு மேலாலயோ கீழாலயோ விலகிப் போயிடும். நிழல் எங்களில விழாமல் வெளியில போயிடும். இந்த ரெண்டு வளையமும் வெட்டிற ரெண்டு இடத்துக்குக் கிட்ட நிலவு நிக்கேக்க அமாவாசை வந்தா மட்டும்தான் கிரகணம்.” பிறகு முதல்முறையாக அவர் சிரிப்பதைக் கண்டேன். “அந்த ரெண்டு இடத்துக்கும்தான் எங்கட ஆக்கள் ராகு, கேது எண்டு பேர் வைச்சவை. பாம்பு இல்லை. ஆனா இடம் சரி.”

வளையங்களை வீட்டுக்குக் கொண்டுபோனேன். விளக்கைச் சூரியனாக வைத்து, தேங்காயைப் பூமியாகவும் தேசிக்காயை நிலவாகவும் பிடித்து, அப்பாவுக்குக் காட்டினேன். அவர் தேசிக்காயைத் தன் கையில் வாங்கி, தானே சுற்றிப் பார்த்தார். அரைச் சுற்றுச் சுற்றித் தேங்காய்க்குப் பின்னால் கொண்டுபோனதும் தேசிக்காய் இருண்டது.

“இது பறுவம், முழு நிலவு!” என்றார். “இப்ப எங்கட நிழல் நிலவில விழுகுது. அப்ப இதுதான் சந்திர கிரகணம்.”

நான் சொல்லவே இல்லை. அவரே கண்டுபிடித்தார். பள்ளிக்கூடம் போயிருந்தால் என்னை எவ்வளவு பின்னால் விட்டிருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

சில வருடம் கழித்து ஒரு சந்திர கிரகணத்தைக் கரையில் இருவருமாக இருந்து பார்த்தோம். அதை வெறுங்கண்ணால் எவ்வளவு நேரமும் பார்க்கலாம், அங்கே எரிக்க ஒன்றுமில்லை. நிலவு கறுக்காமல் செம்பு நிறமாக நின்றது. பூமியைச் சுற்றியிருக்கும் காற்றுக்குள்ளால் வளைந்து போகும் வெளிச்சம் அது. அந்த நேரத்தில் உலகத்தில் எங்கெங்கே பொழுது விடிகிறதோ படுகிறதோ அத்தனை சிவப்பும் சேர்ந்து நிலவில் படுகிறது என்று சொன்னேன். அப்பா தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலக்கண்ணின் கறுப்பை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு சண்டைக் காலம். கடலுக்குப் போகப் பாஸ் எடுக்க வேண்டும், பாஸ் இருந்தாலும் போக முடியாத நாட்கள் அதிகம். ஒருமுறை ஊரோடு மடுக் கோயிலில் அடைக்கலமாகப் போய் இருந்தோம். திரும்பி வந்ததும் நான் முதலில் துடைத்தது கண்ணாடிப் பந்தை. சேர் இளைப்பாறிப் போய், பிறகு காலமும் ஆனார். அவருடைய கதிரையில் நான் இருந்தேன்.

சண்டை முடிந்த அடுத்த தை மாதத்தில் திரும்பவும் சூரிய கிரகணம் வந்தது. இந்தமுறை நடுப் பாதை எங்கள் கடலுக்கு மேலாலேயே போனது. ஆனால் சூரியன் முழுதாக மறையாது. சூரியன் நிலவைவிட நானூறு மடங்கு பெரிது, கிட்டத்தட்ட நானூறு மடங்கு தூரத்திலும் நிற்கிறது. அதனால்தான் இரண்டும் எங்கள் கண்ணுக்கு ஒரே அளவு. நிலவின் பாதை சரியான வட்டம் அல்ல. அது பூமிக்குக் கிட்ட வரும்போது சூரியனை முழுதாக மூடும். தூரத்தில் நிற்கும்போது கொஞ்சம் சின்னதாகத் தெரியும், மூடப் போதாது. விளிம்பு வளையமாக மிஞ்சும். அந்த வளையம் மன்னாரில் பத்து நிமிடம் போல நிற்கும் என்றார்கள்.

என் தொழிலில் அப்படியொரு நாள் இனி வராது. இருந்தும் அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். வாசிப்புகளை உதவியாளர் எடுக்கட்டும். நான் போகவேண்டிய இடம் வேறு.

முந்திய ஞாயிறே ஊர்ப் பெண்களிடம் இடியப்ப உரல்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கோயில் முற்றத்தில், அதே வேம்பின் கீழே, பத்துப் பதினைந்து இடியப்ப உரல்.

“என்ன கந்தோர்ப் பிள்ளை,” என்றார் லூயிஸ் அண்ணை, பல் இல்லாத வாயால். “சூரியனை இடியப்பமாப் புழியப் போறியோ?”

அப்பா ஒரு கதிரையில் இருந்தார். எண்பதை எட்டிக்கொண்டிருந்த வயது. நான் படிக்கட்டில் ஏறவில்லை. மண்ணில் நின்றபடி சொன்னேன்.

“முப்பது வருசத்துக்கு முதல் இந்த இடத்தில நான் பாதிதான் சொன்னனான். பயப்பட ஒண்டுமில்லை எண்டது சரி. சூரியனை நேர பாக்கக் கூடாது, மறைஞ்சு நிக்கேக்கயும் கண்ணை எரிக்கும் எண்டதை எனக்குச் சொல்லித்தான் விட்டவை. நான் உங்களுக்குச் சொல்லேல்ல. பெருமையில விட்டனான். எங்கட அப்பான்ர கண்ணில கயிறு அடிக்கேல்ல. அது என்னால வந்தது.”

அப்பா ஊன்றுகோலால் மண்ணைக் குத்தினார்.

“முப்பது வருசம் நான் கட்டிக்காத்த பொய்! ஒரு நிமிசத்தில உடைச்சுப்போட்டாள்!”

லூயிஸ் அண்ணை அவரைப் பார்த்தார். “மச்சான், நீ ஒரு நாள் இடக்கண் எண்டாய், ஒரு நாள் வலக்கண் எண்டாய். கயிறுக் கதையை ஆர் நம்பினது?”

முதலில் அப்பாதான் சிரித்தார். பிறகு எல்லாரும்.

ஒன்றரை மணியை நெருங்கும்போது வெயில் வெளிறியது. வேம்பின் இலையிடுக்குகளால் விழுந்த வெளிச்சமெல்லாம் பிறை பிறையாக மண்ணில் ஆடியது. ஒருவரும் மேலே பார்க்கவில்லை. எல்லாரும் சூரியனுக்கு முதுகு காட்டி, இடியப்ப உரல்களின் துளைகளால் வெயில் மண்ணில் விழும்படி உயர்த்திப் பிடித்தார்கள். பிறைகளின் இரண்டு நுனியும் மெல்ல நீண்டன, நீண்டு ஒன்றோடொன்று தொட்டன. மண் முழுக்க மோதிரம்.

நான் ஓர் உரலை அப்பாவின் மடிக்கு மேலே பிடித்தேன். அவர் தலையைச் சாய்க்காமல், நேராக, வலக்கண்ணாலேயே பார்த்தார்.

“பிள்ளை, எண்பதாம் ஆண்டில இருந்து நான் பாக்கிறது உதுதான். நடுவில கறுப்பு, சுத்திவர வெளிச்சம். ஒருதருக்கும் சொல்லி விளங்கப்படுத்த ஏலாமல் இருந்தது. இண்டைக்கு ஊரே பாக்குது.”

பிறகு வலைக் கயிறு தழும்பு விழுத்திய கையை மெல்ல நீட்டினார். வளையங்கள் மண்ணை விட்டு அவருடைய உள்ளங்கையில் ஏறி நின்றன. விரல்களை மடக்கினார், விரித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“சுடேல்ல,” என்றார்.